குறுக்கே நீண்ட கை

நாம் சிறுவராயிருந்த காலத்தில் காரில் பயணம் செய்வதென்பது பெருநாளுக்கு ஒப்பான மகிழ்ச்சி. முதல்நாள் இரவே உறக்கம் வராது. விடியற்காலையில் வாடகைக் கார் தெருமுனையில் வந்து நின்று ஒலி எழுப்பும்போது, வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் புத்தாடையுடன் வாசலில் காத்திருப்போம். அம்பாஸிடர் காரில் இத்தனை பேர்தாம் அமரலாம் என்ற கணக்கு அந்நாளில் எவரிடமும் இல்லை. முன்னிருக்கை ஒரே நீண்ட மெத்தைப் பலகை. அதில் ஓட்டுநருடன் மூவர். பின்னிருக்கையில் பெரியவர் நால்வர். அவர்தம் மடிகளில் பிள்ளைகள். இடையிடையே பலகாரத் தூக்கு. காலடியில் தண்ணீர்க் கூஜா. கதவு மூடினாற் போதும், வண்டி புறப்பட்டுவிடும். சீட் பெல்ட் என்ற சொல்லையே அன்று நாம் கேட்டதில்லை.

1964ஆம் ஆண்டு. நமக்கு வயது ஒன்பது, தம்பிக்கு மூன்று. வாப்பாவின் நண்பர் வீட்டுத் திருமணத்திற்காகக் காயல்பட்டினத்திலிருந்து மேலப்பாளையத்திற்குப் புறப்பட்டோம். வாப்பா முன்னிருக்கையில் இருந்தார்கள். பின்னிருக்கையின் நடுவில் உம்மா, அவர்கள் மடியில் தம்பி, வலப்பக்கத்தில் நாம். ஆழ்வார்திருநகரியைக் கடந்து, தாமிரபரணிக் கரையின் வாழைத் தோட்டங்களைப் பார்த்தவாறு சென்றுகொண்டிருந்தோம். ஒரு வளைவில், வாழைத்தார் ஏற்றிய மாட்டு வண்டியொன்று சாலையின் நடுவே நின்றிருந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் இறுகி நின்றன, வண்டி நிற்கவில்லை. மணல் படர்ந்த சாலையில் வழுக்கிச் சென்று, வாழைத்தார் வண்டியின் பின்புறத்தில் மோதிய பிறகே நின்றது.

அந்த ஒரு கணத்தில் நடந்ததை இன்றும் நம்மால் காண முடிகிறது. உம்மாவின் வலக்கை மின்னலென நமக்குக் குறுக்கே நீண்டது. அந்தக் கை நம் மார்பில் பதிந்தது. நாம் முன்னிருக்கையில் மோதினோம், ஆயினும் காயமில்லை. ஆனால், ஒரு கை நம்மிடம் வந்துவிட்டமையால், மடியிலிருந்த தம்பியைப் பிடித்திருந்தது ஒற்றைக் கைதான். அந்தக் கையிலிருந்து தம்பி நழுவினான். முன்னிருக்கையின் மேல்விளிம்பைத் தாண்டிச் சென்று, டாஷ்போர்டின் இரும்பு விளிம்பில் அவன் நெற்றி மோதியது. வலப்புருவத்திற்கு மேலே ஏழு தையல். இறைவன் அருளால் உயிருக்கு ஊறில்லை. அந்த வடு மட்டும் இன்றுவரை நீங்கவில்லை.

வடு தம்பியின் நெற்றியில் இருந்தது. வலி உம்மாவின் நெஞ்சில் இருந்தது. தம்பிக்குத் தலைவாரும் போதெல்லாம் அந்த வடுவை விரலால் தடவி, “பிள்ளையைப் பிடித்திருந்த கையை நான் எங்கே கொண்டுபோனேன்!” என்பார்கள். நாம் அருகில் நின்றால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஏனெனில், அந்தக் கை வந்தது நம்மிடம். உம்மா தம்மைக் குறை கூறிக்கொண்டபோது நாம் நம்மைக் குறை கூறிக்கொண்டோம். இதைப் பற்றி நாங்கள் மூவரும் ஒருநாளும் வெளிப்படையாகப் பேசியதில்லை. 2003ஆம் ஆண்டில் உம்மா இவ்வுலகை விட்டுப் பிரியும் வரையில், கை நழுவியது தம் குற்றம் என்ற எண்ணமும் அவர்களை விட்டுப் பிரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கார்களின் பாதுகாப்புக் கருவிகள் தோன்றிய வரலாற்றைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அதில் ஓரிடத்தில் கண் நிலைத்து நின்றுவிட்டது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்னும் பொறியாளர் தம் மனைவியுடனும் ஏழு வயது மகளுடனும் காரில் சென்றார். சாலையில் கிடந்த பாறையைத் தவிர்ப்பதற்காக வண்டியைத் திருப்பிப் பிரேக்கை மிதித்தார். கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில், முன்னிருக்கையிலிருந்த மகள் டாஷ்போர்டில் மோதிவிடாதபடி தந்தையும் தாயும் ஒருங்கே தம் கைகளை அவளுக்குக் குறுக்கே நீட்டினர். யாருக்கும் பெருங்காயமில்லை. ஆனால், வீடு திரும்பும் வழியெல்லாம் ஹெட்ரிக்கின் உள்ளத்தில் ஒரே கேள்வி: கை நீட்டும் வேலையைச் செய்ய வேறொரு பொருள் இருக்கக் கூடாதா?

அவர் போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றியவர். அங்கு டார்பிடோ ஒன்றைப் பழுதுபார்க்கையில், அதனுள் அடைபட்டிருந்த காற்று தற்செயலாக வெளிப்பட்டு, மேலே போர்த்தியிருந்த கித்தான் துணியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கூரைவரை எறிந்ததைக் கண்டவர். அந்தக் காட்சி இப்போது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் படம் வரையத் தொடங்கினார். 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஏர்பேக் என்று நாம் அழைக்கும் காற்றுப்பையின் முன்னோடி அதுவே. அதனால் அவர் பொருளீட்டவில்லை. கார் நிறுவனங்கள் அன்று அவரைப் பொருட்படுத்தவுமில்லை. எனினும், அந்தப் பையின் பிறப்பிடம் பிள்ளைக்குக் குறுக்கே நீண்ட பெற்றோரின் கை என்பதைப் படித்தபோது, ஆழ்வார்திருநகரிச் சாலையில் நீண்ட கைதான் நம் கண்முன் தோன்றியது.

அதன் பின்னரே நாம் உட்கார்ந்து கணக்கிட்டோம். பள்ளியில் படித்த எளிய கணக்குத்தான். அன்று நம் கார் ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தில் மோதியது என்று வைத்துக்கொள்வோம். மோதிய கார் அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், 12 கிலோ எடையுள்ள மூன்று வயதுக் குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு ஏறத்தாழ 150 கிலோ எடையைத் தாங்கும் வலிமை தேவை. அதாவது, இரண்டு அரிசி மூட்டைகள். அவ்விரு மூட்டைகளை, பத்தில் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில், எதிர்பாராத வேளையில், ஒரு பெண் தம் கைகளால் பிடிக்க வேண்டும். ஒரு கை வேண்டாம். இரு கைகளாலும் பிடித்திருந்தாலும் முடியுமா? பயில்வானாலும் முடியாது. வேகம் 50 கி.மீ. ஆயிற்றென்றால், கட்டப்படாத மனிதர் முன்னே சென்று மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம்.

உம்மாவின் மீது குற்றமில்லை. நம் மீதும் குற்றமில்லை. அன்பில் குறையில்லை, கைக்குத்தான் அவ்வளவு வலிமை இல்லை. இதை அறிவதற்கு நமக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இதைச் சொல்வதற்கு உம்மா இல்லை.

கையால் இயலாததைச் செய்யவே அறிஞர்கள் பலர் உழைத்தனர். அவருள் முதலில் நினைக்கத்தக்கவர் சுவீடன் நாட்டின் நில்ஸ் போலின். போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்த அவரை, 1958ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனம் தன்னிடம் அழைத்துக்கொண்டது. அதற்கு முன்பும் சில கார்களில் பெல்ட்டுகள் இருந்தன. அவை வயிற்றை மட்டும் குறுக்கே கட்டின. மோதலின்போது குடலையும் நசுக்கின. போலின் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஒரு வாரையும், இடுப்பெலும்புக்குக் குறுக்கே ஒரு வாரையும் இணைத்து, இரண்டையும் இடுப்பருகே ஒரே கொக்கியில் மாட்டினார். உடலின் வலிய எலும்புகள் மோதலைத் தாங்கும். மெல்லிய உறுப்புகள் தப்பும். அதைவிட முக்கியம், ஒற்றைக் கையால் ஒரு நொடியில் மாட்டிவிடலாம். 1959ஆம் ஆண்டில் அது கார்களில் வந்தது. அந்நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றும், பிற நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தத் தடை விதிக்கவில்லை. தாம் கண்டெடுத்த நன்மையைப் பிறர்க்கும் திறந்துவைத்த அச்செயல் வாணிப உலகில் அரிது. இன்று உலகில் எந்தக் காரில் ஏறினாலும் நம் தோளில் கிடப்பது அந்த மனிதரின் கைதான்.

இரண்டாமவர் பேலா பரேனி. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். கார் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அது தவறென்று அவர் கூறினார். மனிதர் அமரும் நடுப்பகுதி மட்டும் உறுதியான கூடாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மோதலில் நசுங்க வேண்டும். நசுங்கும் இரும்பு மோதலின் வேகத்தை விழுங்கிவிடும் என்றார். 1951ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். 1959ஆம் ஆண்டில் அது காராக வெளிவந்தது. “அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி தகரம். தொட்டாலே நசுங்குகிறது” என்று நம்மவர் குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம். உண்மை யாதெனில், வண்டி நசுங்காவிட்டால் நாம் நசுங்குவோம்.

காற்றுப்பையோ இவ்விரண்டிற்கும் துணையாக வந்தது. மோதலை உணரும் கருவி கட்டளையிட்டதும், ஒரு வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாறிப் பையை நிரப்புகிறது. இவையனைத்தும் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகின்றன. இமைப்பொழுது என்று நம் முன்னோர் சொன்னது இதைவிட நீண்டது. ஆனால், இவ்வளவு விரைவாக வெளிவரும் பை பஞ்சுமெத்தையன்று. அஃது ஓர் அறை. பெல்ட் அணிந்தவரைத் தாங்கும் அதே பை, பெல்ட் அணியாமல் முன்னே பாய்ந்து வருபவரைக் காயப்படுத்தும். முன்னிருக்கையில் மடியில் அமர்த்திய குழந்தைக்கோ அதுவே கூற்றாகிவிடும். பை இருக்கிறதே என்று பெல்ட்டை விடுவது, குடை இருக்கிறதே என்று கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

சக்கரம் இறுகி வழுக்கும் இடர்ப்பாட்டுக்கும் வழி பிறந்தது. ஏ.பி.எஸ். என்னும் மின்னணுப் பிரேக் 1978ஆம் ஆண்டில் கார்களில் வரத் தொடங்கியது. சக்கரம் இறுகப்போவதை உணர்ந்து, நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பவும் முடிகிறது. அன்று வாழைத்தார் வண்டியை நோக்கி நாம் வழுக்கிச் சென்றபோது இஃதிருந்தால், ஓட்டுநர் ஓரமாக விலகியிருக்கக் கூடும்.

1995ஆம் ஆண்டில் வண்டி தடம்புரளாமல் காக்கும் கருவியும் வந்தது. இரண்டாண்டு கழித்து, சுவீடன் இதழாளர் ஒருவர் புதிய சிறிய கார் ஒன்றைச் சோதித்தார். சாலையில் எல்க் என்னும் பெரிய மான் குறுக்கிட்டால் விலகுவதுபோல் திருப்பியபோது அக்கார் கவிழ்ந்தது. அதன் பின்னர் அந்த நிறுவனம் அவ்வகைக் கார்கள் அனைத்திலும் இக்கருவியைப் பொருத்தியது. சுவீடனில் எல்க், நம் நாட்டில் எருமை. குறுக்கிடும் விலங்குதான் வேறு.

நிற்க. இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்ட நாம் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நம் மகள்தான் இப்போது வீட்டில் கார் ஓட்டுகிறாள். பெல்ட் அணியாமல் முன்னிருக்கையில் அமர்ந்தால் அந்தக் கார் விடாமல் ஒலி எழுப்பும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிய கார்கள் யாவற்றிலும் ஓட்டுநருக்கான காற்றுப்பை, முன்னிருக்கை பெல்ட் எச்சரிக்கை, 80 கி.மீ. வேகத்தைக் கடந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை முதலியவை கட்டாயமாக்கப்பட்டுவிட்டன. நமக்கோ அந்த ஒலி தொல்லையாக இருந்தது. தோளில் வார் அழுந்துகிறது, சட்டை கசங்குகிறது என்று காரணம் கூறினோம். கடைத்தெருவில் ஒரு சிறு உலோக நாக்கு விற்றார்கள். அதைக் கொக்கியில் செருகிவிட்டால், பெல்ட் அணிந்துவிட்டதாகக் கார் நம்பி வாய்மூடிவிடும். நூறு ரூபாய் கொடுத்து வாங்கிச் செருகினோம். உயிரைக் காக்கச் செய்த கருவியை ஏமாற்றுவதற்கென்றே ஒரு கருவி! அதற்கு ஒரு விலை. அதை வாங்க நம்மைப் போன்ற ஓர் அறிவாளி! இத்தகைய பொருள்களை விற்கக் கூடாதென்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டில் இணைய வணிக நிறுவனங்களுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மகள் ஒருநாள் அதைக் கண்டாள். பிடுங்கிச் சாளரத்தின் வழியே எறிந்தாள். “வாப்பா, காரை ஏமாற்றலாம். மரத்தை ஏமாற்ற முடியுமா?” என்றாள். நாம் பதிலொன்றும் கூறவில்லை. அடுத்த நாளே பின்னிருக்கைக்கு மாறிவிட்டோம். அங்கே பெல்ட் இருந்தது, ஒலி இல்லை. பின்னிருக்கையில் இருப்பவருக்குப் பெல்ட் எதற்கு என்பது நம்மவரிடையே பரவிய எண்ணம். முன்னிருக்கையே தலையணையாகிவிடும் என்ற நினைப்பு. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் மறைந்ததை நாடறியும். காரோ விலையுயர்ந்தது. முன்னிருக்கையிலிருந்த இருவரும் காயங்களுடன் உயிர் தப்பினர். பின்னிருக்கையில் பெல்ட் அணியாமலிருந்த இருவரும் இறந்தனர். இச்செய்தியை நாமும் படித்தோம், வருந்தினோம், பெல்ட்டை மட்டும் அணியவில்லை.

சென்ற ஆண்டு மதுரையில் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாற்கரச் சாலை, கோவில்பட்டியைக் கடந்து கயத்தாற்றை நெருங்கும் நேரம், பொழுது சாய்ந்து, காற்றாலைகள் நிழலுருவாகத் தெரிந்தன. மகள் ஓட்டினாள். பின்னிருக்கையில், அவளுக்கெனப் பொருத்திய குழந்தை இருக்கையில், நான்கு வயதுப் பேர்த்தி முறையாகக் கட்டப்பட்டு அமர்ந்திருந்தாள். அருகில் நாம், கட்டப்படாமல். அவள் ஏதோ கதை கேட்டாள். நாம் அவள் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முன்னே பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று சென்றுகொண்டிருந்தது. 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுகிறது. இருளில் கிடந்த அதை மகளின் கண் காணுமுன் காரின் கண் கண்டது. முன்புறத்தில் பொருத்திய ராடாரும் கண்ணாடியின் மேற்பகுதியிலுள்ள கேமராவும் சேர்ந்து முன்னேயிருக்கும் பொருளின் தொலைவையும் வேகத்தையும் இடைவிடாது அளக்கின்றன. மோதல் நேரும் என்று கண்டால் முதலில் எச்சரிக்கும். ஓட்டுநர் உடனே செயற்படாவிடில் தானே பிரேக் பிடிக்கும். ஒலி கேட்டது, அடுத்த கணம் கார் தானாகவே பிரேக் பிடித்தது, மகளும் அழுத்தி மிதித்தாள். டிரெய்லருக்குச் சில அடிகள் இருக்கையில் வண்டி நின்றது.

அந்தக் கணத்தில் நம் வலக்கை பேர்த்திக்குக் குறுக்கே நீண்டது. நாம் நினைத்து நீட்டவில்லை; அது தானே நீண்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நமக்குக் குறுக்கே நீண்ட அதே கை. ஆனால், அவளுக்கு அந்தக் கை தேவைப்படவில்லை. ஐந்து இடங்களில் வாரால் கட்டுண்டிருந்த அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். பாய்ந்து சென்றது நாம்தான். முன்னிருக்கையின் பின்புறத்தில் முகம் மோதி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வலப்புருவம் கிழிந்தது. காரில் இரத்தம் வடிந்த ஒரே மனிதர், பிள்ளையைக் காப்பாற்றக் கை நீட்டிய பெரியவர்.

பேர்த்தி பயந்து அழவில்லை. நம் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கள் ஏன் கட்டிக்கொள்ளவில்லை?” என்று கேட்டாள். பாட்டனாரை ‘அப்பா’ என்றழைப்பது நம் ஊர் வழக்கம். அவள் கேள்விக்கு விடையளிக்கும் வயது நமக்கு இன்னும் வரவில்லை போலும்.

மருத்துவமனையில் நான்கு தையல் இட்டார்கள். இளம் மருத்துவர் காயத்தைத் துடைத்தவாறே மகளிடம் கூறியது நம் செவியில் விழுந்தது: “நல்ல வேளை, வண்டி மோதவில்லை. மோதியிருந்தால் பின்னாலிருந்து இவர் வந்து விழும் வேகத்தில் முன்னிருக்கையில் இருக்கும் உங்களுக்கும் ஆபத்து.” இதை நாம் எண்ணியதேயில்லை. பெல்ட் அணியாதவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைக்கிறார். அவர் முன்னே அமர்ந்திருப்பவர்மீது எறியப்படும் ஒரு மூட்டையாகவும் ஆகிவிடுகிறார். நம் மூட்டை 70 கிலோ. முன்னே இருந்தவள் நம் மகள்.

இந்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சீட் பெல்ட் அணியாமல் இறந்தோர் 16,715 பேர். ஏறத்தாழச் சரிபாதியினர் ஓட்டுநர் அல்லர், பயணிகள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. பெற வேண்டிய முதலிடமா அது?

கருவிகளுக்கும் எல்லையுண்டு என்பதையும் கூறிவிட வேண்டும். கேமராவின் கண்ணில் மழைநீரும் சேறும் படிந்தால் அது சரியாகக் காணாது. கோடு அழிந்த சாலையில் தடம் காட்டும் கருவி தடுமாறும். எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளையும், சந்திலிருந்து ஓடிவரும் பிள்ளையையும் எல்லா வேளையிலும் அது காணுமென்று நம்புவதற்கில்லை. கருவி விழித்திருக்கிறது என்று ஓட்டுநர் உறங்கிவிடக் கூடாது.

பாதுகாப்பு செல்வர்க்கு மட்டும் உரிய ஆடம்பரமாக இருந்த நிலையும் மாற வேண்டும். 2014ஆம் ஆண்டில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஒன்றுகூட ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. பின்னர்ச் சட்டங்கள் வந்தன. 2023ஆம் ஆண்டில் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனையும் தொடங்கியது. திருமணத்திற்குக் கார் வாங்கும் குடும்பங்கள் வண்ணத்தையும் பாட்டுப் பெட்டியையும் கேட்பதற்குமுன் எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும் நாள் வரவேண்டும்.

“எல்லாம் விதிப்படி நடக்கும், ஒரு வார் என்ன செய்துவிடும்?” என்போர் நம்மிடையே உளர். நாமும் அவ்வாறு சொல்லித் தப்பித்திருக்கிறோம். ஆயினும் உள்ளத்தைத் தொட்டுப் பார்த்தால் அது நம்பிக்கையன்று, சோம்பல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைச் சிறுவயதிலேயே மதரஸாவில் கேட்டோம். ஒட்டகம் இல்லாத ஊரில் அதைக் கதையாக மட்டும் கேட்டுவிட்டோம். கட்ட வேண்டியது நம் மடியருகே தொங்கிக்கொண்டிருந்தது.

தையல் பிரித்த மறுநாள் தம்பி பார்க்க வந்தான். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. நம் புருவத்தை உற்றுப் பார்த்தான். பிறகு தன் புருவத்தைத் தொட்டுக்காட்டி, “காக்கா, அதே இடம்!” என்று சிரித்தான். நாமும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும், அறுபது ஆண்டுகளாகச் சொல்லாமலிருந்ததைச் சொன்னோம். அன்று உம்மாவின் கை நம்மிடம் வந்ததால்தான் அவன் அடிபட்டான் என்ற எண்ணம் நம்மை விட்டு அகன்றதேயில்லை என்றோம். பிறகு அரிசி மூட்டைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம்.

தம்பி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தான். “அப்படியானால், இரண்டு கையாலும் பிடித்திருந்தாலும் நான் நழுவித்தான் இருப்பேன்?” என்றான். “ஆம்” என்றோம். “உம்மா இருக்கும்போது இதை யாராவது சொல்லியிருக்கலாமே, காக்கா” என்றான். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

அன்பர்களே, பிள்ளைக்குக் குறுக்கே கை நீட்டாத தாய் இல்லை, தந்தையும் இல்லை. இனியும் நம் கைகள் நீளத்தான் செய்யும். அதைத் தடுக்க யாராலும் இயலாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால், வண்டி புறப்படுமுன் அந்தக் கை செய்ய வேண்டிய வேறொரு வேலை இருக்கிறது. முதலில் பிள்ளையைக் கட்டுங்கள். பிறகு உங்களைக் கட்டிக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கட்டாமல் அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் தண்டம் என்று 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறுகிறது. அந்த ஆயிரத்தை அஞ்ச வேண்டாம். ஆயுள் முழுவதும் ஒரு வடுவைத் தடவிக்கொண்டிருக்கும் விரலை அஞ்சுங்கள்.

தம்பியை வழியனுப்ப வாசல்வரை சென்றோம். அவன் மகன்தான் காரை ஓட்டிவந்திருந்தான். தம்பி பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தான். கார் புறப்படவில்லை. சற்று நேரம் எதையோ தேடினான். இருக்கையின் மடிப்புக்குள் பல காலமாகப் புதைந்து கிடந்த கொக்கியை விரலால் தோண்டி வெளியே எடுத்தான். அது மாட்டிக்கொண்ட சிறிய ஓசை வாசல்வரை கேட்டது.